பிராக்டிகலில் தோற்றுவிட்டீர்களா? அடுத்த தேதி எடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூரில் கார் ஓட்டிக் காட்டும் தேர்வில், அதாவது பிராக்டிகலில், நான் மூன்று முறை தோற்றேன். நான்காவது முறைதான் தேறினேன். முதல் தேர்வுக்கும் நான்காவது தேர்வுக்கும் நடுவில் பதினோரு மாதம் ஓடிவிட்டது. கூடுதல் பாடம், தேர்வுக் கட்டணம், வண்டி வாடகை என்று 1,500 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் போனது. அதில் பாதியையாவது மிச்சப்படுத்தியிருக்கலாம். முதல் இரண்டு முறையும் வீட்டுக்கு வந்து அழுதேன், மறுநாள் அடுத்த தேதியைப் பதிவு செய்தேன். எதனால் தோற்றேன் என்று உட்கார்ந்து பார்க்கவே இல்லை. மூன்றாவது முறைக்குப் பிறகுதான் பார்த்தேன். அப்போது புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்து இங்கே உரிமம் எடுக்க நினைக்கும் யாரும், குறிப்பாகக் குடும்பச் செலவில் இழுத்துப் பிடித்துப் பாடத்துக்குக் கட்டும் பெண்கள், நான் பட்ட பாட்டைப் படவேண்டாம்.

1. உங்கள் வழி எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

உங்களிடம் செல்லுபடியாகும் இந்திய உரிமம் இருந்தால் முழுப் பயிற்சியில் உடனே சேர்ந்துவிடாதீர்கள். நீண்டகால அனுமதி அட்டையில் இருப்பவர்கள் 12 மாதம் வரை வெளிநாட்டு உரிமத்தில் ஓட்டலாம். நிரந்தரவாசிகளுக்கு அது 3 மாதம்தான். அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் பேசிக் தியரி என்ற முதல் எழுத்துத் தேர்வில் தேறி, உரிமத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்கலாம். உங்கள் வேலையே வண்டி ஓட்டுவதுதான் என்றால் விதிகள் வேறு, கடுமையும் அதிகம். ஆகவே உங்கள் அனுமதி அட்டை எந்த வகை என்று பார்த்து, போக்குவரத்துப் போலிஸின் இணையப் பக்கத்தில் அந்த வகைக்குரிய நிபந்தனையை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு ஊரில் இருந்தது இருசக்கர வாகன உரிமம் மட்டும்தான், அதனால் அடியிலிருந்து தொடங்கினேன்.

புதிதாகக் கற்பவர்களுக்கு வரிசை இதுதான்: 18 வயது நிறைந்திருக்க வேண்டும், கண் பரிசோதனை, பேசிக் தியரி, பிடிஎல் எனப்படும் தற்காலிக உரிமம், பாடங்கள், ஃபைனல் தியரி என்ற இரண்டாவது எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் (திரை முன் ஓட்டிப் பழகும் கருவி) பயிற்சி, கடைசியாக பிராக்டிகல். கிளாஸ் 3 என்றால் கியர் வண்டி, 3ஏ என்றால் கியர் தானாக மாறும் ஆட்டோ வண்டி. கிளாஸ் 3 எடுத்தவர் இரண்டையும் ஓட்டலாம், 3ஏ எடுத்தவர் ஆட்டோ மட்டும்தான். வேலைக்காக லாரி, வேன் தேவைப்படாதவர்கள் 3ஏ எடுத்தால் போதும் என்பது என் கருத்து. கிளட்சோடு போராடும் நேரத்தைச் சாலையைக் கவனிப்பதில் செலவிடலாம்.

பயிற்சி நிலையங்கள் மூன்று: புக்கிட் பாத்தோக்கில் ஒன்று, ஊபியில் ஒன்று, உட்லண்ட்ஸில் ஒன்று. தனிப் பயிற்றுநரிடமும் கற்கலாம். ஆனால் தனிப் பயிற்றுநர்களுக்குப் புதிய உரிமம் 1987க்குப் பிறகு தரப்படுவதில்லை. இருப்பவர்கள் குறைவு, பலர் வயதானவர்கள். அதனால் யாராவது காப்பிக்கடையில் உட்கார்ந்து "பாதி விலைக்குச் சொல்லித் தர்றேன்" என்றால் அவருடைய பயிற்றுநர் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். உரிமம் இல்லாதவரிடம் கற்பது சட்டவிரோதம், விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைகொடுக்காது.

2. தியரியில் தோற்றால்

பேசிக் தியரியும் ஃபைனல் தியரியும் ஒரே அமைப்புதான். 50 கேள்வி, 50 நிமிடம், 45 சரியாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் போலிஸ் கட்டணம் 6.50 வெள்ளி. தமிழிலும் எழுதலாம், பதிவு செய்யும்போதே மொழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மொழியில் புத்தகம் படித்தீர்களோ அதே மொழியில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் எழுதப் போன ஒரு தோழி, சாலைக் குறியீடுகளின் தமிழ்ப் பெயர்களைத் தேர்வறையில்தான் முதன்முதலாகப் பார்த்தார். 43 மதிப்பெண்.

இதில் தோற்றால் பெரிய நஷ்டமில்லை. பயிற்சித் தேர்வில் மூன்று முறை தொடர்ந்து 48 வந்த பிறகு தேதி எடுங்கள், அவ்வளவுதான். இனி பிராக்டிகலுக்கு வருவோம்.

3. முடிவுத் தாளை அன்றிரவே முழுதாக வாசியுங்கள்

பிராக்டிகலில் நீங்கள் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளர், அதாவது டெஸ்டர், புள்ளி போடுவார். மொத்தம் 20 புள்ளி வரை வந்தால் தேர்ச்சி. அதைத் தாண்டினால் தோல்வி. சில தவறுகளுக்குப் புள்ளிக் கணக்கே கிடையாது, அந்த இடத்திலேயே தோல்வி. சிவப்பு விளக்கைத் தாண்டுவது, கெர்ப் எனப்படும் சாலையோரத் திட்டின் மேல் ஏறுவது, டெஸ்டர் தன் பிரேக்கை மிதிக்கும்படி நடந்துகொள்வது இதெல்லாம் அந்த வகை. கெர்ப்பை உரசினால் 10 புள்ளி, அதன் மேல் ஏறினால் முடிந்தது கதை.

முடிவு தாளாகக் கிடைத்தாலும் கைப்பேசியில் கிடைத்தாலும், எந்தத் தவறு, எத்தனை முறை, எத்தனை புள்ளி என்று அதில் வரிவரியாக இருக்கும். அதுதான் உங்கள் அடுத்த பாடத்திட்டம். இதற்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டியாயிற்று. பயன்படுத்தாமல் விட்டால்தான் அது வீண்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் தேர்வில் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பி வரும் வழியில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய ஒரு சந்திப்பு. பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் திரும்புவதற்கான அம்புக்குறி இல்லை. எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து, இடைவெளி கிடைத்தால் நாமே முடிவெடுத்துத் திரும்ப வேண்டும். ஒரு டாக்ஸி தூரத்தில் வந்தது. போய்விடலாம் என்று நினைத்து நகர்ந்தேன். வண்டி குலுங்கி நின்றது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை, டெஸ்டர்தான் மிதித்திருக்கிறார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரையில் ஏதோ தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் முடிவைத் திறந்தேன். 'உடனடித் தோல்வி' என்ற ஒரே வரிதான் கண்ணில் பட்டது. சரி, வலது திருப்பம்தான் என் பிரச்சினை என்று முடிவு கட்டினேன். அடுத்த ஆறு பாடத்திலும் வலது திருப்பம் மட்டுமே பழகினேன். இரண்டாவது தேர்வில் வலது திருப்பம் அழகாக வந்தது. ஆனாலும் 26 புள்ளி வாங்கித் தோற்றேன்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு ஒரு ராத்திரி, பிள்ளை தூங்கியதும் மூன்று முடிவுகளையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மகனின் கலர் பென்சிலை எடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட தாளில் வரும் வரியை எல்லாம் பச்சையில் கோடிட்டேன். மூன்று தாளிலும் பச்சை விழுந்தது ஒரே வரிக்குத்தான்: பிளைண்ட் ஸ்பாட் (கண்ணாடிகளில் தெரியாத பக்கவாட்டு இடம்) பார்க்கவில்லை. முதல் தாளில் மூன்று முறை, இரண்டாவதில் நான்கு முறை, மூன்றாவதில் ஒரு முறை. முதல் தேர்விலேயே அது எழுதியிருந்தது. 'உடனடித் தோல்வி' என்ற பெரிய வரி, அதற்குக் கீழே இருந்த சின்ன வரிகளை என் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. டாக்ஸி வராமல் இருந்திருந்தால்கூட நான் மயிரிழையில்தான் தப்பியிருப்பேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் இரண்டு பட்டியல் எழுதுங்கள். முதல் பட்டியல், ஒரே ஒரு முறை நடந்தவை. இரண்டாவது, ஒன்றுக்கு மேல் நடந்தவை. ஒரு முறை நடந்தது பதற்றத்தால் இருக்கலாம். திரும்பத் திரும்ப நடப்பது பழக்கம். பாடத்துக்குக் கட்டும் காசை இரண்டாவது பட்டியலுக்கே செலவிடுங்கள்.

4. பயிற்றுநரிடம் தாளைக் காட்டுங்கள்

கூச்சப்படாதீர்கள். நிலையத்தில் பாடத்துக்குப் பாடம் பயிற்றுநர் மாறலாம், நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு உங்கள் கதை தெரியாது. வண்டியில் ஏறியதும் "எங்கே போகலாம்?" என்று அவர் கேட்பார். "உங்க இஷ்டம்" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடப் பாடம் அப்படியே சுற்றி வருவதில் கழியும்.

நான்காவது முறை தயாரானபோது கிடைத்த பயிற்றுநர் தமிழ் அண்ணன். தாளைக் காட்டினேன். அவர் பாடம் முழுக்க ஒரே காரியம்தான் செய்தார். நான் தடம் மாறி முடித்த ஒவ்வொரு முறையும், "பக்கத்துல வந்த வண்டி என்ன கலரும்மா?" என்று கேட்டார். முதல் பத்து முறை எனக்குப் பதில் தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தேன், தலையையும் லேசாக ஆட்டினேன், ஆனால் எதையும் பார்க்கவில்லை. "வண்டியே இல்லையே அண்ணே" என்றேன் ஒரு முறை. "வெள்ளை வேன் இருந்துச்சு. திரும்பிப் பாருங்க" என்றார். திரும்பிப் பார்த்தேன், இருந்தது. தாடை தோளைத் தொடும் அளவுக்குக் கழுத்து திரும்பினால்தான் அந்த இடம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் என் உடம்புக்குப் புரிந்தது. அப்புறம் பேருந்தில் ஜன்னலோரம் உட்காரும்போதும் தோளுக்குமேல் திரும்பி, பின்னால் வரும் வண்டியின் நிறத்தைச் சொல்லிப் பழகினேன். காசு செலவில்லாத பயிற்சி அது.

ஊரில் வண்டி ஓட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் இடப்பக்கம், இங்கேயும் இடப்பக்கம் என்பதால் நமக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றும். ஊரில் பின்னால் வருபவன் ஹாரன் அடித்து நமக்குச் சொல்வான். இங்கே யாரும் சொல்லமாட்டார்கள், நாம்தான் பார்க்க வேண்டும். அந்த ஒரு பழக்கத்தை மாற்றவே எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

5. தேர்வு நேரத்திலேயே பழகுங்கள்

இரண்டாவது தேர்வில் விழுந்த 26 புள்ளிகளில் ஒரு பங்கு பேருந்துத் தடத்தால் வந்தது. என் தேர்வு காலை எட்டே கால். நான் பாடம் எடுத்ததெல்லாம் சனிக்கிழமை மத்தியானம். மஞ்சள் கோடு போட்ட பேருந்துத் தடம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 7.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8 மணி வரை பேருந்துகளுக்கு மட்டும். சனிக்கிழமை மத்தியானம் அதே தடத்தில் நான் நிம்மதியாகப் போய்ப் பழகியிருந்தேன். தேர்வன்று காலை அதற்குள் நுழையக்கூடாது. இடது பக்கம் திரும்பும் இடத்துக்கு எங்கிருந்து உள்ளே வருவது என்று தெரியாமல் திணறினேன், கடைசி நொடியில் தடம் மாறினேன், பின்னாலும் பார்க்கவில்லை.

சிவப்புக் கோடு போட்டவை இன்னும் நீண்ட நேரம் நடப்பில் இருக்கும்: திங்கள் முதல் சனி வரை, காலை 7.30 முதல் இரவு 11 மணி வரை.

எனவே தேர்வு தேதி கிடைத்ததும், கடைசி மூன்று பாடத்தையாவது அதே நேரத்துக்கு, வார நாளிலேயே போடுங்கள். வேலையில் அரை நாள் விடுப்பு எடுக்கவேண்டி வரும். இன்னொரு முறை தோற்பதைவிட அரை நாள் விடுப்பு மலிவு.

6. தேதிகளை ஒரே தாளில் எழுதி வையுங்கள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. பிடிஎல் 2 ஆண்டு செல்லும். ஃபைனல் தியரித் தேர்ச்சியும் 2 ஆண்டுதான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த ஸ்லாட் கிடைக்க எனக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. இப்படி மூன்று முறை தள்ளிப்போனால் தேதிகள் நெருங்கிவிடும். நான்காவது தேர்வன்று என் பிடிஎல்லில் மூன்று மாதம்தான் மிச்சம் இருந்தது. ஃபைனல் தியரி காலாவதியானால் அதை மறுபடியும் எழுத வேண்டும், அது வரை பிராக்டிகலுக்குப் பதிவு செய்ய முடியாது.

இன்னொரு கண்ணி, பாடத்துக்கும் தேர்வுக்கும் நடுவில் விழும் இடைவெளி. மூன்றாவது முறை நான் தோற்றது இதனால்தான். காசு மிச்சம் பிடிக்க நினைத்து, தேதி எடுத்த கையோடு பாடத்தை நிறுத்தினேன். தேர்வுக்கு முந்திய ஆறு வாரம் ஸ்டியரிங்கையே தொடவில்லை. தேர்வன்று எஸ் வளைவில் பின் சக்கரம் கெர்ப்பில் உரசியது. அந்தக் கரகர சத்தம் கேட்டதும் கை நடுங்கியது, நடுக்கத்தோடு பார்க்கிங் செய்யப் போய் இன்னொரு முறை உரசினேன். 10ம் 10ம் 20. சாலைக்குப் போகும் முன்பே என் கணக்கு தீர்ந்துவிட்டது. பிறகு பிளைண்ட் ஸ்பாட்டுக்கு விழுந்தது ஒன்றுதான், மொத்தம் 24.

உங்களிடம் ஆறு பாடத்துக்குக் காசு இருந்தால், இரண்டை இப்போது எடுங்கள், நான்கைத் தேர்வுக்கு முந்திய இரண்டு வாரத்தில் வையுங்கள். ஸ்லாட்டைத் தேர்வுத் தேதி கிடைத்த அன்றே பிடித்துவிடுங்கள், பிறகு கிடைக்காது.

ஸ்லாட் எடுத்துத் தருகிறேன் என்று டெலிகிராமில் காசு கேட்பவர்களிடம் உங்கள் கணக்கையோ சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) விவரத்தையோ கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

7. ஒரு தோல்விக்கு எவ்வளவு செலவு என்று கணக்கிடுங்கள்

போலிஸ் கட்டணங்கள் பெரிதில்லை. பிராக்டிகலுக்கு 33 வெள்ளி. பிடிஎல் 25 வெள்ளி. தேறிய பிறகு உரிமத்துக்கு 50 வெள்ளி. காசு போவது நிலையத்தின் பக்கம். தேர்வுக்கு வண்டி வாடகை, தேர்வுக்கு முன் நிலையத்துக்குள் இருக்கும் பயிற்சித் தடமான சர்க்யூட்டில் ஒரு சுற்றுப் பயிற்சி, அதற்கு மேல் கூடுதல் பாடங்கள். நான் பாடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 80 வெள்ளி கட்டினேன். உச்ச நேரத்தில் அதற்கும் மேல். ஆக ஒவ்வொரு தோல்வியும் எனக்குச் சுமார் 500 வெள்ளி.

இந்தக் கணக்கை முன்கூட்டியே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. இரண்டாவது தோல்விக்குப் பிறகு "இன்னும் எத்தனை தடவை?" என்று கணவர் சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்கு அது குத்தலாகப் பட்டது. அதனால்தான் மூன்றாவது முறை பாடத்தைக் குறைத்தேன், அதனால்தான் தோற்றேன். முதலிலேயே உட்கார்ந்து, இரண்டு முறை எழுதுவதற்கான பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டால் இந்த அழுத்தமே வராது. ஒரே முறையில் தேறினால் மிஞ்சும் காசு உங்களுக்கு.

8. தேர்வு நாள்

அடையாள அட்டை அல்லது அனுமதி அட்டையின் அசல், செல்லுபடியாகும் பிடிஎல், நிலையம் அனுப்பிய பதிவு உறுதி. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடி. முந்திய ராத்திரியே பையில் வைத்துவிடுங்கள். ஆவணம் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்பாது. 25 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் எண்ணை வாசிக்க முடிகிறதா என்று ஒரு வாரம் முன்பே உங்கள் புளோக்குக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் பாருங்கள். என்னுடன் காத்திருந்த ஒரு அக்கா தன் பழைய கண்ணாடியை மாற்றாமலே வந்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்தார்.

தடித்த செருப்பு வேண்டாம், நீங்கள் பழகிய காலணியே போடுங்கள். ஓட்டும்போது ஒரு தவறு செய்துவிட்டால், அதற்கு எத்தனை புள்ளி என்று மனசுக்குள் கூட்டாதீர்கள். அந்த நேரத்தில் அடுத்த தவறு நடந்துவிடும். நான்காவது தேர்வில் எனக்கு நிறுத்தக் கோட்டில் வண்டி கொஞ்சம் முன்னால் போய்விட்டது. ஒரு மூச்சு விட்டேன், அடுத்த கண்ணாடியைப் பார்த்தேன், பின்னால் நீல நிற லாரி வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிறம் சொல்லும் பழக்கம் பதற்றத்தையும் பிடித்து வைத்தது.

9. தேறிய பிறகு

கட்டணம் கட்டி உரிமம் வந்த பிறகுதான் ஓட்டலாம், தேறிய அன்று மாலையே சாவியை எடுக்காதீர்கள். முதல் ஓராண்டு முன்கண்ணாடியிலும் பின்கண்ணாடியிலும் முக்கோணம் போட்ட புரொபேஷன் தகடு, அதாவது புதிய ஓட்டுநர் என்று காட்டும் தகடு, வைக்க வேண்டும். அந்த ஆண்டுக்குள் 13 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் ரத்து, மறுபடியும் பேசிக் தியரியிலிருந்து தொடங்க வேண்டும். நண்பரின் வண்டியை ஒரு நாள் வாங்கி ஓட்டினாலும் தகடு உங்கள் கையோடு போக வேண்டும்.

நான்காவது முடிவில் எனக்கு 12 புள்ளி. தேர்ச்சி என்று இருந்ததால் மற்றவர்கள்போல அதை மூடி வைக்கத்தான் தோன்றியது. இருந்தாலும் அச்செடுத்துப் பழைய மூன்றோடு சேர்த்து வைத்து, அதே பச்சைப் பென்சிலை எடுத்தேன். பிளைண்ட் ஸ்பாட், ஒரு முறை. இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் மகனைத் துணைப்பாடத்துக்குக் கூட்டிப் போகும்போது அவன் பின் இருக்கையில் உட்கார்ந்து கேட்கிறான்: "அம்மா, பக்கத்துல என்ன கலர்?"